கட்சிக்காரர் மாறினாரா, மனம் மாறினாரா? செஸ்டர் ஆர்தர் குறித்து ஒரு விவாதம்

வழக்கேடு:

அமெரிக்காவின் 21ஆவது அதிபர் செஸ்டர் ஆர்தரைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரே கதையைத்தான் கேட்கிறோம். நியூயார்க் சுங்க இல்லத்தில் சொந்தக் கட்சியினருக்கு வேலை போட்டுக் கொடுத்தே வளர்ந்த ஒருவர், 1881இல் அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டு இறந்ததும் அந்த நாற்காலியில் அமர்ந்து, ஒரே இரவில் மனம் திருந்தி, அரசு வேலைக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்த பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரி 16 அன்று கையெழுத்திட்டார் என்பதே அந்தக் கதை. வழிப்பறி செய்த வேடன் வால்மீகி ஆன கதையைக் கேட்டுப் பழகிய நமக்கு இது எளிதில் பிடித்துப்போகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

'கட்சிக்காரர்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. தெருவில் அது ஓர் அரசியல் கட்சியைச் சேர்ந்தவர். நீதிமன்ற வளாகத்தில் அது வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தவர். ஆர்தரின் வாழ்க்கையை இந்த இரண்டாம் பொருளில் படித்தால், நடுவில் எந்த மனமாற்றமும் தேவைப்படாது. 1854இல் வழக்கறிஞரானபோது அவருடைய கட்சிக்காரர், குதிரை டிராமிலிருந்து இறக்கிவிடப்பட்ட ஒரு கறுப்பினப் பெண். 1869இல் நியூயார்க் நகர வரி ஆணையத்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பளத்தில் சட்ட ஆலோசகர். 1871க்குப் பின், நியூயார்க் துறைமுகச் சுங்க வசூலின் தலைவராக இருந்தபோது, அவருடைய கட்சிக்காரர் நியூயார்க் குடியரசுக் கட்சியின் கோஷ்டித் தலைவரான செனட்டர் ராஸ்கோ காங்க்ளிங். 1881 செப்டம்பரில் அந்த இடத்துக்கு நாடு வந்தது. ஒவ்வொரு முறையும் தன் பக்கத்துக்காக முழுத் திறமையோடு வாதாடினார். மாறியது வக்காலத்து மட்டுமே.

மாலைக்கதிர்:

நண்பர் வழக்கேடு சொல் விளையாட்டை அழகாகச் செய்திருக்கிறார். ஆனால் வரலாறு அந்தச் சொல்லுக்குள் அடங்க மறுக்கிறது. வழக்கறிஞர் கட்சிக்காரரை மாற்றிக்கொண்டால் பழைய கட்சிக்காரருக்கு எதிராக வாதாடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். ஆர்தரோ அதையேதான் செய்தார், அதுவும் தன்னை உருவாக்கிய மனிதருக்கு எதிராக.

காங்க்ளிங்குக்கும் கார்ஃபீல்டுக்கும் மூண்ட சண்டை எதைப் பற்றியது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். நியூயார்க் துறைமுகத்தின் கலெக்டர் பதவிக்கு (நம் மாவட்ட ஆட்சியர் அல்லர், துறைமுகச் சுங்க வசூலின் தலைவர்) காங்க்ளிங்கின் எதிரியான வில்லியம் ராபர்ட்சனை கார்ஃபீல்டு நியமித்தார். அந்தக் கோபத்தில் 1881 மே மாதம் காங்க்ளிங் செனட் பதவியையே உதறினார். நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் தன்னை மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பும், அதுவே கார்ஃபீல்டுக்குச் சவுக்கடியாக இருக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. துணை அதிபராக இருந்துகொண்டே ஆர்தர் ஆல்பனி நகருக்குப் போய் அவருக்காக ஆதரவு திரட்டினார். நாட்டின் இரண்டாம் பெரிய பதவியில் இருப்பவர் இப்படித் தரகு வேலை பார்க்கலாமா என்று பத்திரிகைகள் ஏசின. ஜூலை 2 அன்று கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கீட்டோ, "நான் ஸ்டால்வர்ட், இனி ஆர்தர்தான் அதிபர்" என்ற பொருளில் கூவினான். ஸ்டால்வர்ட் என்பது காங்க்ளிங் கோஷ்டியின் பெயர். சுட்டவன் வாயிலிருந்து தன் பெயர் வந்ததை ஒருவர் நாளிதழில் படிக்கிறார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அதன் பிறகு காங்க்ளிங் வந்து, ராபர்ட்சனை நீக்கிவிடு என்று கேட்டபோது ஆர்தர் மறுத்தார். ராபர்ட்சன் 1885 வரை அதே நாற்காலியில் இருந்தார். ஆர்தர் 1878இல் இழந்த நாற்காலியும் அதுவேதான். பழைய கட்சிக்காரர் கேட்ட ஒரே கூலியை ஒருவர் மறுக்கிறார் என்றால், அதை வக்காலத்து மாற்றம் என்று எப்படிக் கடந்து போவது?

பழங்கணக்கு:

இருவருமே இந்த மனிதருக்கு அளவுக்கு மீறிய மரியாதை தருகிறீர்கள். ஒருவர் அவரைத் தொழில்தர்மம் தெரிந்த வழக்கறிஞர் என்கிறார், மற்றவர் மனசாட்சி விழித்த மனிதர் என்கிறார். எனக்குத் தெரிவது, காற்றடிக்கும் திசையை நன்றாக அறிந்த ஓர் அரசியல்வாதி மட்டுமே.

1882ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அப்போது ஆர்தர் அதிபராகி ஓராண்டு ஆகிறது. மனம் திருந்தியதாகச் சொல்லப்படும் காலம். அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் தேர்தல் குழுவிலிருந்து ஜே ஹப்பல் என்பவர் அரசு ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சி நிதிக்குத் தரும்படி கேட்டார். அதிபர் தடுக்கவில்லை. அதே ஆண்டு நியூயார்க் ஆளுநர் தேர்தலில் அதிபரின் நிதித்துறைச் செயலர் சார்லஸ் ஃபோல்ஜரைக் கட்சியின் வேட்பாளராக்கினார்கள் ஆர்தரின் ஆட்கள். மக்கள் அதற்குச் சொன்ன பதில், ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாந்து ஏறத்தாழ 2 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் பெற்ற வெற்றி. நவம்பரில் கீழவையும் ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனது. டிசம்பர் 27 அன்று செனட், 38க்கு 5 என்ற கணக்கில் பெண்டில்டன் மசோதாவை நிறைவேற்றியது. ஜனவரி 4 அன்று, தோற்றுப் போய்ப் பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த அதே கீழவை 155க்கு 47 என்று ஆமோதித்தது. அதிபர் கையெழுத்திட்டார்.

இந்தத் தேதிகளை வரிசையாக அடுக்கினாலே போதும். ஆட்சி கைமாறப் போகிறது என்று தெரிந்தவுடன், ஏற்கெனவே வேலையில் இருக்கும் நம் ஆட்களை யாரும் நீக்க முடியாதபடி ஒரு சட்டம் இருந்தால் நல்லது என்று குடியரசுக் கட்சியினருக்குத் தோன்றியது. அந்தச் சட்டமும் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு மத்திய அரசு வேலைகளைத்தான் தொட்டது. இதில் ஞானோதயம் எங்கே இருக்கிறது?

வழக்கேடு:

பழங்கணக்கு காட்டிய தேதிகளில் பிழை இல்லை. ஆனால் என் முதல் கருத்தை அவர் தொடவே இல்லை என்பதால், அந்த டிராம் வழக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆர்தரை வழக்கறிஞராகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் அதில்தான் இருக்கிறது.

1854 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற பள்ளி ஆசிரியை, தாம் ஆர்கன் வாசிக்கும் தேவாலயத்துக்குத் தாமதமாகிவிட்டதால் அவசரமாக மூன்றாம் நிழற்சாலை நிறுவனத்தின் குதிரை டிராமில் ஏறினார். கறுப்பினத்தவருக்கான வண்டி பின்னால் வருகிறது, அதற்குக் காத்திருக்குமாறு நடத்துநர் சொன்னார். அவர் மறுத்தார். நடத்துநர் பிடித்து இழுத்தபோது ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். அதிலிருந்து கையைப் பிரித்ததும் நடத்துநரின் மேல்சட்டையையே பற்றிக்கொண்டார். வண்டி ஓட்டியும் சேர்ந்துகொண்டான். கடைசியில் வழியில் நின்ற ஒரு காவலர் உதவியோடுதான் அவரைத் தெருவில் தள்ள முடிந்தது.

வழக்கு கல்வர், பார்க்கர், ஆர்தர் என்ற நிறுவனத்துக்கு வந்தது. ஆர்தர் வழக்கறிஞர் பட்டியலில் பதிவு செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் நீதிமன்றத்தில் நின்று அடிமைமுறையின் கொடுமையைப் பற்றி முழங்கவில்லை. பொதுப் போக்குவரத்து நடத்துபவர், ஒழுங்காக நடந்துகொள்ளும் எந்தப் பயணியையும் ஏற்றிச் செல்லக் கடமைப்பட்டவர், தம் ஊழியர் செய்த செயலுக்கு நிறுவனமே பொறுப்பு என்ற வறட்டுச் சட்டக் கருத்தையே நம்பினார். 1855 பிப்ரவரியில் புரூக்ளினில் நீதிபதி ராக்வெல் அதையே ஜூரிக்கு எடுத்துரைத்தார். 500 டாலர் கேட்ட இடத்தில் ஜூரி 225 டாலர் கொடுத்தது. நீதிமன்றம் அதன்மேல் பத்து சதவிகிதமும் செலவுத்தொகையும் சேர்த்தது. அந்த நிறுவனம் உடனே தன் வண்டிகளில் எல்லோரையும் ஏற்ற உத்தரவிட்டது.

கவனித்தீர்களா? உணர்ச்சியைத் தொடாமல், சட்டத்தின் ஒரு சந்து வழியாகப் போய் வென்ற வழக்கு இது. 25 வயதில் வழக்காடிய அதே கையைத்தான் 1882இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை மறுத்து அதிபராக அவர் எழுதிய ரத்து ஆணைகளிலும் பார்க்கிறேன்.

பழங்கணக்கு:

அந்த வழக்கில் பாராட்டு முதலில் எலிசபெத் ஜென்னிங்ஸுக்கும், அடுத்து அதற்காகப் பணம் திரட்டிய அவருடைய தந்தை தாமஸ் ஜென்னிங்ஸுக்கும் உரியது. தாமஸ் ஜென்னிங்ஸ் தையற்காரர். 1821இல் துணி வெளுக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படுபவர். எராஸ்டஸ் கல்வர் ஊரறிந்த அடிமைமுறை எதிர்ப்பாளர். வழக்கு அவருடைய பெயருக்காக வந்தது. நிறுவனத்தின் இளையவர் கையில் அது விழுந்தது தற்செயல்.

லெம்மன் வழக்கிலும் இதே நிலைதான். 1852இல் வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸுக்குக் கப்பல் மாறுவதற்காக நியூயார்க்கில் இறங்கிய லெம்மன் குடும்பத்தின் எட்டு அடிமைகளை நீதிபதி பெய்ன் விடுவித்தபோது ஆர்தர் வழக்கறிஞராகவே பதிவு செய்திருக்கவில்லை. மேல்முறையீட்டில் பணியாற்றினார், உண்மை; ஆனால் அங்கே வாதாடிய பெரிய பெயர் வில்லியம் எவர்ட்ஸ். 1880 தேர்தலுக்கு வேட்பாளர் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள்தாம் ஆர்தரை அந்த வழக்கின் நாயகனாக ஊதிப் பெருக்கினார்கள்.

மாலைக்கதிர்:

லெம்மன் வழக்கைப் பழங்கணக்கு எடுத்ததற்கு நன்றி, ஏனெனில் அதில் நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒரு பெயர் இருக்கிறது. 1852இல் கல்வரோடு சேர்ந்து அந்த எட்டுப் பேருக்காக நின்ற மற்றொரு வழக்கறிஞர் ஜான் ஜே, அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதியின் பேரன். 25 ஆண்டுகள் கழித்து, 1877இல், நியூயார்க் சுங்க இல்லத்தில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க அதிபர் ஹேஸ் ஆட்சி அமைத்த குழுவுக்குத் தலைவராக வந்தவரும் அதே ஜான் ஜே. இளமையில் ஒரே அணியில் நின்றவர் இப்போது விசாரணை நாற்காலியில். ஆர்தர் எதிரே சாட்சியாக.

அந்தக் குழு கண்டது என்ன? நாட்டின் சுங்க வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வசூலித்த அந்தக் கட்டடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். கட்சிச் சிபாரிசில் வந்தவர்களே அதிகம். ஐந்தில் ஒருவரைக் குறைக்கலாம் என்றது அறிக்கை. ஆர்தருடைய சொந்த வருமானமும் சிறியதல்ல. 1874 வரை, கள்ளக் கணக்கு காட்டும் இறக்குமதியாளரிடம் வசூலிக்கும் அபராதத்தில் அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. ஃபெல்ப்ஸ், டாட்ஜ் என்ற வணிக நிறுவனத்தில் அரசுக்கு ஏற்பட்ட உண்மையான இழப்பு சொற்பம். வசூலித்த தொகையோ 2,71,000 டாலர். அந்த விவகாரம் கிளப்பிய கூச்சலில்தான் பங்கு முறை ஒழிந்தது. அதுவரை 50,000 டாலரைத் தொட்டுவந்த கலெக்டரின் ஆண்டு வருமானம் 12,000 டாலர் சம்பளமாகச் சுருங்கியது.

இத்தனையும் செய்தவர் என்பதால்தான் பின்னால் செய்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பெண்டில்டன் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் சுங்க இல்லங்களுக்கும் அஞ்சலகங்களுக்கும் பொருந்தும் என்று இருந்தது. அதாவது தாம் ஆண்ட அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே தேர்வுப் பலகையை மாட்டினார். சட்டத்தை நடத்துவதற்கான ஆணையத்துக்குத் தலைவராக அவர் நியமித்தது டார்மன் ஈட்டனை. கோஷ்டி ஆள் ஒருவரைப் போட்டுச் சட்டத்தை முளையிலேயே கிள்ளியிருக்கலாம், செய்யவில்லை. ஈட்டன், பிரிட்டனின் அரசுப் பணி முறையை ஆராய ஹேஸ் அனுப்பிவைத்த மனிதர். (இங்கே நமக்கும் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. அந்தப் பிரிட்டிஷ் முறைக்கு வழிகாட்டிய 1854ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவரான சார்லஸ் ட்ரெவெல்யன், 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர்.)

வாய்க்கால்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் மூவரும் சீனர் விலக்குச் சட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. 1882 மே 6 அன்று அதில் கையெழுத்திட்டவர் இதே ஆர்தர்தான். மனம் திருந்திய மனிதரின் கையெழுத்தா அது?

வழக்கேடு:

நல்ல கேள்வி, என் பக்கத்துக்கு வலுவூட்டும் கேள்வியும்கூட. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முதலில் அனுப்பிய மசோதா சீனத் தொழிலாளர் வருகையை 20 ஆண்டுகளுக்குத் தடுத்தது. ஏப்ரல் 4 அன்று ஆர்தர் அதைத் திருப்பி அனுப்பினார். 1880இல் சீனாவோடு செய்த உடன்படிக்கை, குடியேற்றத்தை நியாயமான அளவில் நிறுத்திவைக்க மட்டுமே அனுமதி தருகிறது, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் 'நிறுத்திவைத்தல்' ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். ஒப்பந்தத்தின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். காங்கிரஸ் 20ஐ 10 ஆக்கி மீண்டும் அனுப்பியதும் கையெழுத்திட்டுவிட்டார். டிராம் வழக்கில் ஒரு பெண்ணுக்கு உரிமை வாங்கித் தந்த அதே முறை, இங்கே பல்லாயிரம் பேருக்குக் கதவை அடைக்க இடம் கொடுத்தது. கொள்கைக்காரர் இரண்டாம் மசோதாவையும் மறுத்திருப்பார். வழக்கறிஞருக்கு, ஒப்பந்தச் சொல்லோடு பொருந்திவிட்டால் போதும்.

பழங்கணக்கு:

இதில் வழக்கேடு சொல்வதை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: இரண்டாம் முறையும் மறுத்தால் காங்கிரஸ் அவர் தலைக்கு மேலேயே நிறைவேற்றிவிடக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ஆறுகள், துறைமுகங்களுக்கான செலவு மசோதாவை, வீண் செலவு என்று அவர் ரத்து செய்தபோது மறுநாளே அப்படித்தான் நடந்தது.

மாலைக்கதிர்:

பழங்கணக்கு எல்லாவற்றையும் வாக்குக் கணக்காகவே பார்க்கிறார். அப்படியானால் அவர் இன்னொரு கணக்குக்கும் விடை சொல்ல வேண்டும். 1882இலேயே ஆர்தருக்குச் சிறுநீரக நோய் என்று மருத்துவர்கள் கண்டுவிட்டார்கள். அதை வெளியில் சொல்லாமலே காலம் தள்ளினார். 1886 நவம்பரில் இறந்தார். நீண்ட நாள் இருக்கப்போவதில்லை என்று அறிந்த ஒருவர் காற்றடிக்கும் திசையைப் பார்த்து என்ன சம்பாதிக்கப் போகிறார்?

பழங்கணக்கு:

அப்படியானால் 1884இல் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த குடியரசுக் கட்சி மாநாட்டில் அவர் பெயர் எப்படி வந்தது? முதல் சுற்றில் 278 வாக்குகள் பெற்று அங்கே வேட்பாளராகத் தேர்வான பிளெய்னுக்கு அடுத்த இடத்தில் இருந்தாரே. அந்த 278இல் கணிசமானவை தென் மாநிலப் பிரதிநிதிகளுடையவை. தென் மாநிலப் பிரதிநிதிகளில் பலர் மத்திய அரசு வேலையில் இருந்தவர்கள். பழைய பாதை முழுவதும் புல் மூடிவிடவில்லை.

மாலைக்கதிர்:

பெயர் இருந்தது, அதற்காக அவர் ஓடியாடவில்லை. அடியோடு விலகினால் நோய் வெளியே தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் தென் மாநிலப் பிரதிநிதிகள் பற்றிய கருத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை.

என் கடைசிச் சான்றைச் சொல்லிவிடுகிறேன். கார்ஃபீல்டு ஏறத்தாழ 80 நாள் படுக்கையில் கிடந்தபோது, ஆகஸ்ட் 27 அன்று ஆர்தருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நியூயார்க்கில் வசித்த ஜூலியா சாண்டு. முப்பது வயதைத் தாண்டிய, நோயால் வீட்டோடு இருந்த பெண். ஆர்தரை முன்பின் பார்த்ததில்லை. மக்கள் துயரப்படுவது கார்ஃபீல்டு இறக்கிறார் என்பதைவிட அவருக்குப் பின் நீர் வருகிறீர் என்பதால்தான் என்று முகத்துக்கு நேரே சொல்வதைப் போல எழுதிவிட்டு, பெரும் நெருக்கடிகள் பாதி வாழ்நாள் உறங்கிக் கிடந்த நற்குணங்களை எழுப்பும், உண்மையான மேன்மையின் பொறி ஏதேனும் உம்மிடம் இருந்தால் அது ஒளிர வேண்டிய நேரம் இதுவே என்றார். பின்னும் பல கடிதங்கள் எழுதினார், மொத்தம் 23. 1882 ஆகஸ்டில் ஒரு நாள் அதிபர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

வழக்கேடு:

அந்தக் கடிதங்கள் மனமாற்றத்துக்குக் காரணம் என்று நிறுவ முடியாது, மாலைக்கதிர். வக்காலத்து மாறிய பிறகு வந்த நல்ல யோசனைகள் என்றும் அவற்றைப் படிக்கலாம். வழக்கறிஞர் எவரும் குறிப்புகளைக் கேட்டுக்கொள்வார்.

மாலைக்கதிர்:

படிக்கலாம். ஆனால் இறப்பதற்குச் சற்று முன் தம் ஆவணங்களில் பெரும்பகுதியை எரித்துவிடச் சொன்னவர் ஆர்தர். சுங்க இல்லக் காலத்துக் கடிதங்கள், காங்க்ளிங்கோடு நடந்தவை, எல்லாம் நெருப்புக்குப் போயின. ஜூலியா சாண்டின் 23 கடிதங்கள் மட்டும் ஒரு கட்டாக இருந்தன. 1958இல் பேரனின் உடைமைகளோடு நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்து சேரும்வரை அவற்றைப் பற்றி எவருக்கும் தெரியாது. வழக்கு முடிந்தபின் எந்த வழக்கறிஞர் ஐயா, தம் கட்டுகளை எல்லாம் கொளுத்திவிட்டு, தம்மை ஏசி எழுதிய ஒருவருடைய கடிதங்களை மட்டும் எடுத்து வைப்பார்?

வழக்கேடு:

அந்த ஒரு கட்டை என் வாதத்துக்குள் வைக்க எனக்கு இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். சீனர் சட்டத்தை உங்கள் வாதத்துக்குள் எங்கே வைப்பீர்கள் என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.